கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோன மீன்குழம்பு

தம்பி வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணியபோது அம்மா உயிரோடு இருந்தார். கடைசியில் அந்த வாசலை மிதிக்கவைத்ததும் அம்மாதான். அவருடைய ஆட்டைத் திவசம், அதாவது செத்து ஒரு வருஷம் முடிகிற திவசம், ஸ்கொட்லாந்தில் தம்பி வீட்டில் என்று ஆகிவிட்டது. கொள்ளி வைத்தவன் அவன். அவன் வீட்டில்தான் செய்வான். எனக்கு அதில் வாய் திறக்க உரிமை இல்லை. திறந்தாலும் அவனோடு கதைப்பதில்லையே.

செத்தவீட்டுக்கும் போனேன்தான். விடிய விமானம் ஏறி, உடலை எரிக்கிற இடத்துக்கு நேரே போய், பின்னேர விமானத்தில் ஜெர்மனிக்கு, எசனுக்குத் திரும்பி வந்தேன். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஒரு சொல் கதைக்கவில்லை. துக்கத்தில் இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்துவிட்டது என்று வந்த சனம் நினைத்திருக்கும். என் தொண்டையை அடைத்தது துக்கம் மட்டுமில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்னோடுதான் இருந்தார். நாங்கள் இருப்பது நாலாம் மாடி, லிப்ட் இல்லை. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, ஒரு கிழமை காலை, ஒரு கிழமை பின்னேரம். இவர், என் மனுசன், பஸ் ஓட்டுகிறார். என் மகளை வளர்த்தது அம்மா. பிறகு தம்பியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. இரண்டு கிழமைக்கென்று அம்மாவைக் கிளாஸ்கோவுக்கு ஏற்றி அனுப்பினேன். அவன் அங்கேயே இருக்க விசாப் பேப்பர் எல்லாம் போட்டு அம்மாவை மறித்துக்கொண்டான். ஏனடா என்று டெலிபோனில் கேட்டதற்கு அவன் சொன்ன மறுமொழி இது: “வெள்ளைக்காரக் கிழவியளைக் குளிப்பாட்ட நேரமிருக்கு உங்களுக்கு. பெத்த தாயை நாலாம் மாடியில பூட்டி வச்சிருந்தனீங்கள்.”

நான் டெலிபோனை வைத்தேன். அதோடு சரி.

அம்மாவோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பேன். அவருக்கென்று ஒரு டெலிபோன் இருந்தது. காது மந்தம் என்பதால் நான் கத்திக் கத்தித்தான் கதைக்கவேண்டும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது என்பது வேதவாக்கு. கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால், அதுதான் நீட்டு விளக்குமாற்றால், தன் முகட்டை இடிப்பாள். இடிக்கட்டும். “என்ன கறி அம்மா?” என்று கத்துவேன். “மரக்கறிதான் பிள்ளை” என்பார். அடுத்த ஞாயிறு கேட்டாலும் மரக்கறிதான். அதற்கடுத்த ஞாயிறும் அதுதான்.

என் அம்மா மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுசி. வெள்ளிக்கிழமை விரதம் முடிந்து சனி விடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இங்கத்தைய மீனெல்லாம் சவம் மாதிரிக் கிடக்கிறது என்று திட்டினார். பிறகு தக்காளிச் சாறில் அடைத்த ஹேரிங் மீன் ரின்னைக் கண்டுபிடித்தார். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்கி, ரின்மீனைக் கொட்டி, கொஞ்சம் பழப்புளி விட்டு இறக்குவார். கீழே பேக்கரியில் வாங்கிய குட்டிப் பாணைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடும்போது அவரோடு யாரும் கதைக்கக்கூடாது. அப்படிப்பட்ட மனுசி வருஷக்கணக்காக மரக்கறி சாப்பிடுகிறார் என்றால் யாரோ அவர் வாயைக் கட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? யாரென்றும் எனக்குத் தெரியும். தம்பியின் பெண்சாதி, என் மச்சாள், ஒரு பஜனைக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். குடும்ப வாட்ஸ்அப்பில் நெற்றி நிறைய விபூதியோடு படம் போடுவாள். தான் சாமியாரானது போதாதென்று என் தாயையும் சாமியாராக்கிப்போட்டாள் என்று முடிவுகட்டினேன்.

அம்மா செத்தபிறகு அது உறுதியானது. எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எட்டாம் நாள், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும், குடித்த ஆளென்றால் சாராயமும் வைக்கலாம். அதற்குப் பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, திவசம் எல்லாம் ஐயர் வந்து செய்கிறவை, சுத்தமான மரக்கறிதான். ஆகவே அம்மாவுக்கு மீன் கிடைக்க இருந்தது அந்த ஒரு நாள். மச்சாள் வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தாள். வாழையிலையில் பூசணிக்காய், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். மீன் இல்லை. ஒரு நெத்தலிகூட இல்லை. செத்தும் அம்மாவைப் பட்டினி போட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பத்திக்கொண்டு வந்தது.

அன்றைக்கே தீர்மானித்தேன். ஆட்டைத் திவசத்துக்குப் போவேன். ஐயர் போனபிறகு அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும் வைப்பேன். தடுக்கிறவர்கள் தடுத்துப் பார்க்கட்டும்.

“திவசத்தில மச்சமோ? உமக்கென்ன விசரே?” என்றார் இவர்.

“ஓம், விசர்தான். நீங்கள் ரிக்கற்றைப் போடுங்கோ” என்றேன்.

குழம்பை எசனிலேயே வைத்தேன். அம்மாவுக்குப் பிரஷர் என்பதால் எப்போதும்போல உப்பைக் குறைத்தேன். ஆறவிட்டு, பெட்டியில் அடைத்து உறையவைத்து, குளிர்ப் பையில் வைத்துக் கட்டினேன். ஐரோப்பாவிலிருந்து இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோக இப்போது அங்கே விடமாட்டார்கள், மீனுக்குத் தடையில்லை என்று மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். இவர் வழிக்கென்று கட்டிய சீஸ் பாணைத்தான் விமானத்திலேயே சாப்பிட்டு முடிக்கவேண்டி வந்தது. முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

எடின்பரோவில் இறங்கி வாடகைக் கார் எடுத்தோம். எசன் தெருக்களில் நீட்டுப் பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைக்கிற மனுசன், அங்கே இடப்பக்கம் ஓடவேண்டும் என்றதும் வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஒவ்வொரு சந்தி வட்டத்திலும் மகள் “லிங்க்ஸ், அப்பா, லிங்க்ஸ்!” என்று இடப்பக்கத்தை ஜெர்மனில் சொல்லிக் கத்த, இவர் இடமா வலமா என்று தமிழில் கத்தினார். நான் பின்சீற்றில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். ஸ்கொட்லாந்து அழகான நாடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கண்டது மழை, செம்மறி ஆடு, மழையில் நனைந்த செம்மறி ஆடு.

கதவைத் திறந்தது தம்பி. தலை நரைத்திருந்தது. நல்லாய் நரைக்கட்டும் என்று நினைத்தேன். “வாங்கோ அத்தான்” என்று இவருக்குச் சொன்னான், “வா பிள்ளை” என்று மகளுக்குச் சொன்னான். எனக்கு வந்ததும் அவன் கண் என் செருப்புக்குப் போய்விட்டது. மச்சாள் உள்ளே இருந்து வந்து, “வாங்கோ மச்சாள்” என்றாள். தலையை ஆட்டினேன். அதற்குமேல் அவளுக்கு என்னிடம் இருந்து ஒன்றும் கிடைக்காது.

அடுத்த நாள்தான் திவசம். அதுவரை ஒரே வீட்டில் இருக்கவேண்டும். “மாமாவைக் கேள், ஐயர் எத்தினை மணிக்கு வாறாரெண்டு” என்று மகளிடம் சொன்னேன். தம்பி எனக்கு ஒரு முழம் தள்ளி நின்று வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தான். “அம்மாட்டச் சொல்லு பிள்ளை, பத்து மணிக்கு” என்றான் அவன். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு “பைன்லிஷ்” என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். வேலைக்குப் போகிற பிள்ளை, அவளை நாங்கள் தபால்காரியாக்கியிருந்தோம்.

வீடு கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. மச்சம் காய்ச்சுகிற சட்டிகளையெல்லாம் மச்சாள் வெளியே கார் விடுகிற கராச்சுக்கு அனுப்பிவிட்டாள். திவச வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது. அது எனக்கும் தெரியும். சண்டை வேறு, தீட்டுத் துடக்கு வேறு. ஆகவே நான் பையை உள்ளே எடுக்காமல் நேரே கராச்சுக்குக் கொண்டுபோனேன். அங்கே சுவர் ஓரமாக ஒரு பெரிய உறைபெட்டி நின்றது. குழம்பை வைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன்.

பெட்டி நிறைய மீன். பாரை, விளைமீன், அறக்குளாத் துண்டம், இறால், கணவாய். எல்லாம் பை பையாகக் கட்டி அடுக்கியிருந்தது. பக்கத்தில் மச்சச் சட்டிகள், அடி கறுத்து, நன்றாகப் புழங்கிய சட்டிகள். பஜனையாம், விபூதியாம். இந்த வீட்டில் மீன் தின்னாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளும் செத்துப்போனார்.

கையில் அகப்பட்ட பாரைத் துண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். துடக்காவது மண்ணாங்கட்டியாவது. மீனோடு நான் சமையலறைக்குள் வந்ததைக் கண்டு மச்சாள் “ஐயோ, கழுவின வீடு!” என்று கத்தினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சீவிய வாழைக்காய்க்குப் பக்கத்தில் மீனைப் போட்டு, தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“இதென்னடா?”

அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவனோடு கதைத்த முதல் சொல் அது.

“மீன்” என்றான்.

“மீனெண்டு எனக்குத் தெரியும். குடும்பமா இருந்து அள்ளித் திண்டுபோட்டுப் பெத்தவளுக்கு மரக்கறியோ குடுத்தனி? கேட்கிறதுக்கு ஆள் இல்லையெண்டு நினைச்சியோ? செத்த எட்டுக்காவது ஒரு துண்டு வச்சியோ அந்த மனுசிக்கு?”

இவர் வந்து என் கையைப் பிடித்தார். தட்டிவிட்டேன். தம்பி கத்தியை மெல்ல வைத்தான்.

“அம்மாவுக்கு ஆரும் குடுக்காமல் விடேல்லை அக்கா. அம்மாதான் தொடேல்லை. நேந்தவ.”

“என்னத்துக்கு நேந்தவ?”

அவன் மச்சாளைப் பார்த்தான். மச்சாள்தான் சொன்னாள். விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, என் முகத்தில் எறிகிற மாதிரிச் சொன்னாள்.

“நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறவரைக்கும் மச்சம் தொடமாட்டன் எண்டு முருகனுக்கு நேந்தவ. நீங்கள் அண்டைக்கு டெலிபோனை வச்சீங்கள், அண்டையில இருந்து. சனிக்கிழமையில நான் மீன் பொரிப்பன். மாமி பக்கத்தில இருந்து முள்ளெடுத்துப் பேத்திக்குக் குடுப்பா. விரலைக்கூட நக்கமாட்டா, எழும்பிப்போய்க் கழுவிப்போடுவா. எட்டுக்கு ஏன் மீன் வைக்கேல்லையெண்டு கேக்கிறியள். நேத்தி முடியேல்லையே மச்சாள், எப்பிடி வைக்கிறது?”

மேசையில் பாரைத் துண்டு உருகித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“ஆர் சொல்லுறது? நீங்கள் எங்களோட கதைச்சாத்தானே” என்றான் தம்பி. “அம்மாவும் விடேல்லை. சொல்லிக் கதைக்க வச்சா அது நேத்தியில்லை, பிச்சையெண்டவ.”

“நீ ஒரு டெலிபோன் எடுத்திருந்தா அண்டைக்கே அந்த மனுசி மீன் சாப்பிட்டிருக்கும். பக்கத்தில வச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனியே, பாவி!”

“நீங்கள் எடுத்திருந்தாலும்தான்.”

நான் ஏன் எடுக்கவேண்டும்? சொல்லக்கூடாததைச் சொன்னவன் அவன். மூத்தவள் நான். அவன்தான் எடுத்திருக்கவேண்டும். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு அம்மாவிலும் கோபம் வந்தது, அவனில் வந்ததைவிடக் கூடவே வந்தது. என்னை வைத்து முருகனோடு பேரம் பேச அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? ஞாயிறு ஞாயிறாக நான் தொண்டை கிழியக் கத்த, “மரக்கறிதான் பிள்ளை” என்று என்ன சாதாரணமாகச் சொன்னார்! ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பெட்டிக்குள் கிடந்தபோதுகூட இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம், அப்போதாவது யாராவது வாய் திறப்போமா என்று அவர் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

“பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு எண்டு சும்மாவே சொன்னவை” என்று இவர் மெதுவாகத் தொடங்கினார்.

“நீங்கள் பேசாமல் இருங்கோ!” என்று நானும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மச்சாள் மீனைத் தூக்கிக்கொண்டு கராச்சுக்குப் போய், நான் அங்கே விட்டுவந்த குழம்பையும் உறைபெட்டியில் வைத்துவிட்டு வந்து, புறுபுறுத்துக்கொண்டு சமையலறையைத் திரும்பவும் கழுவினாள். அவள் கழுவக் கழுவ நாங்கள் சண்டை பிடித்தோம். நாலாம் மாடி, சாமத்திய வீடு, அம்மாவின் மூட்டுவலி, ஊரில் சின்ன வயதில் அவன் உடைத்த என் சிலேட்டு வரைக்கும் போனது. ஒன்றும் தீரவில்லை. களைத்துப்போய் ஆளுக்கொரு அறைக்குப் போனோம்.

அடுத்த நாள் ஐயர் நியூகாசில் பக்கமிருந்து மழையில் வந்து சேர்ந்தார். தம்பி வேட்டியோடு இருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான், பிண்டம் வைத்தான். நான் மகள், ஆகவே பின்னால் நின்றேன். திவசத்துக்கு வந்த சனம் சாப்பிட்டு, அம்மாவைப் புகழ்ந்து, சைவப் பழம் என்றது. எனக்கு வாய் துருதுருத்தது, அடக்கிக்கொண்டேன். கடைசிக் கார் போனபிறகு குழம்பை எடுக்கக் கராச்சுக்குப் போனேன்.

எனக்கு முன்னமே மச்சாள் அங்கே நின்றாள். சின்ன காஸ் அடுப்பை மூட்டி, என் குழம்பை மச்சச் சட்டியில் சூடாக்கிக்கொண்டிருந்தாள். உறைபெட்டியின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அம்மாவின் படத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மாலைகூடக் கழற்றவில்லை.

“வீட்டுக்குள்ள ஏலாது மச்சாள். இஞ்ச வையுங்கோ. மாமி குறை நினைக்கமாட்டா” என்றாள். முகத்தை என்னவோ கடுமையாகத்தான் வைத்திருந்தாள்.

சோறு போட்டு, குழம்பை ஊற்றி, எசனிலிருந்து கொண்டுவந்த குட்டிப் பாணையும் பக்கத்தில் வைத்தேன். கற்பூரம் காட்டினான் தம்பி. பிறகு வழக்கப்படி எல்லாரும் வெளியே வந்தோம். செத்தவர் வந்து சாப்பிடும்போது நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. தம்பி கராச்சின் தகரக் கதவை இழுத்து மூடினான். இவரும் மகளும் மழைக்கு வீட்டுக்குள் ஓடினார்கள்.

நானும் தம்பியும் கதவுக்கு வெளியே நின்றோம். முதல் நாள் கத்தியதில் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பழையபடி பேச்சில்லை. மச்சாள் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

“என்ன, வாயை மூடிக்கொண்டு நிக்கிறியள்? கதையுங்கோ. கதைக்காட்டி மாமி தொடமாட்டா” என்றுவிட்டு அவளும் உள்ளே போனாள்.

தம்பி தொண்டையைச் செருமினான். “நல்லா இருக்கிறீங்களோ?” என்றான்.

“இல்லை” என்றேன்.

உள்ளே குழம்பு ஆறிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. எனக்குத் தெரிந்ததைத் தொடங்கினேன். நாலாம் மாடியில் நான் அம்மாவைப் பூட்டி வைத்தேனா, அந்தப் படியில் அவரை எத்தனை தரம் முதுகில் சுமந்தேன் என்று உனக்குத் தெரியுமா, நன்றி கெட்டவனே என்று திட்டினேன். பக்கத்து வீட்டு யன்னலில் ஒரு வெள்ளைக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்ததால் குரலைத் தாழ்த்தித் திட்டினேன்.

தம்பி தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். மழைத்தண்ணீர் அவன் மூக்கால் வடிந்தது.

“அக்கா, சத்தமாத் திட்டுங்கோ” என்றான். “அம்மாவுக்குக் காது மந்தம்.”

நான் தகரக் கதவுப் பக்கம் திரும்பி நின்று, ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் கத்துகிற மாதிரிக் கத்தினேன்.